பக்கக் கதவின் பூட்டு

ஆல்டர் ரன் தீயணைப்பு நிலையத்தின் வரலாற்றைச் சொல்லச் சொன்னால், எங்கள் ஊரில் எல்லோரும் பூட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். பக்கக் கதவைத் திறந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், கதவு நிலைக்கு மேலே சுவரில் அது அறைந்திருக்கும். கனமான இரும்புப் பூட்டு. சாவியும் அதிலேயே இருக்கிறது. துருப்பிடித்து இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கட்டடம் 1911-இல் எழுந்தது. ஓடைக்கரைச் செங்கல் சூளையில் அளவுக்கு மீறி வெந்து, கறுத்துக் கோணிப்போன கற்களை விற்க முடியாமல் சூளைக்காரர் சும்மா கொடுத்தார். பகலெல்லாம் சுண்ணாம்புக் குவாரியில் உழைத்த ஆண்கள் மாலையில் வந்து சுவர் எழுப்பினார்கள். ஏற்கெனவே வெந்த கல் இனி எதற்கு எரியப்போகிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கட்டினார்களாம். தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்த ஓர் உயரமான கோபுரம். வண்டி வெளியே வர ஒரு பெரிய கதவு. அதை உள்ளிருந்துதான் திறக்க முடியும். ஆட்கள் நுழைய ஒரு பக்கக் கதவு. கல்லறைக் கற்கள் செதுக்கும் ஒருவர், பக்கக் கதவுக்கு மேலே வெளிப்புறம் பதிக்க ஆண்டைச் செதுக்கிக் கொடுத்தார். கல் சிறியது, அவருடைய கை பெரியது. கடைசி ஒன்றுக்கு இடம் போதாமல் அது சற்றுச் சாய்ந்து, பக்கத்து ஒன்றின் தோளில் தலை வைத்தாற்போல நிற்கிறது.

முதல் குளிர்காலத்திலேயே சப்பாத்துத் தைப்பவரின் வீடு தீப்பிடித்தது. நிலையத்தின் அப்போதைய தலைவர் மகளின் கல்யாணத்துக்காக மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். பக்கக் கதவின் சாவி அவருடைய கோட்டுப் பையில் இருந்தது. கோடரியால் கதவைப் பிளந்து வண்டியை வெளியே இழுப்பதற்குள் நேரம் போய்விட்டது. சப்பாத்துத் தைப்பவரும் மனைவியும் வெளியே வந்தார்கள். அவர்களுடைய இரண்டு சிறுமிகள் வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் ஆண்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக நிலையத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பூட்டைக் கழற்றினார்கள். தலைவர் ஊர் திரும்பிச் சாவியை நீட்டினார். அதைப் பூட்டில் செருகி, பூட்டைச் சுவரில் அறைந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது.

திறந்திருக்கும் கதவு தீயணைப்பவர்களுக்காக மட்டும் திறந்திருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. வெள்ளத்தின்போது ஓடைக்கரைக் குடும்பங்கள் ஒரு வாரம் அங்கேதான் படுத்தன. பனியில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் தங்கினார்கள். கல்யாணத்தன்று காலையில் ஒரு மணப்பெண் கோபுரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டாள். மதியம் தானே இறங்கி வந்து கல்யாணம் செய்துகொண்டாள். மனைவியோடு சண்டை போட்ட ஒருவர் மூலையில் கிடக்கும் மடக்குக் கட்டிலில் பல நாள் குடியிருந்தார். மனைவி தினமும் துவைத்த சட்டை கொடுத்தனுப்பினாள், வா என்று மட்டும் சொல்லவில்லை. கட்டிலில் யார் படுத்தது என்று யாரும் கேட்பதில்லை. கீழே சமையலறையில் காப்பியைக் குடித்து முடிப்பவர், அடுத்து வருபவருக்கு ஒரு பானை போட்டுவிட்டுப் போக வேண்டும். எழுதி ஒட்டிய சட்டம் எதுவும் கிடையாது. அவ்வளவுதான் எங்கள் வழக்கம்.

நான் நெட்டி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சி உண்ணாத வெள்ளிக்கிழமைகளில், அந்தச் சமையலறையில் மீன் பொரித்து விற்பவர்களில் ஒருத்தி. எங்கள் பென்சில்வேனியா மலைகளில் ஒவ்வொரு சிற்றூரிலும் தீயணைப்பு நிலையத்துக்கு டீசல் வாங்கிக் கொடுப்பது மீன்தான். நாங்கள் லூத்தரன்கள், பக்கத்துத் தெரு கத்தோலிக்கர்கள். மீன் வரிசையில் எல்லோரும் ஒன்று.

கட்டடத்துக்கு நூறு வயதான அந்தத் தவக்காலத்தில் ஒரு திருட்டு நடந்தது. கோபுரத்துக்குக் கீழே, பழைய புகைப்படத்துக்கு அடியில் கொக்கியில் தொங்கிய பித்தளைக் குழாய்முனையைக் காணவில்லை. நசுங்கிய கார்களை வெட்டப் பயன்படும் ரம்பத்தையும் காணவில்லை.

இரண்டாவது வெள்ளி மதியம், நானும் லொரெட்டாவும் மீன் துண்டுகளை மாவில் புரட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் மெர்வ் படியிறங்கி வந்தார். எங்கள் நிலையத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது; அவர் பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பின்னாலேயே எல்வுட் வந்தார். ஊரில் இருக்கும் ஒரே இரும்புச் சாமான் கடை அவருடையது. புகைப்படத்தில் அந்தப் பித்தளை முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவருடைய தாத்தா.

"நம்ம ஊர் ஆளுதான்," என்றார் எல்வுட். "வெளியூர்க்காரனுக்கு அங்க ஒரு கொக்கி இருக்கிறதே தெரியாது."

"பித்தளை விலை ஏறியிருக்கு," என்றார் மெர்வ்.

"ஏறட்டும். தாத்தா முனை போனா போகுது, அவரு செத்து எத்தனையோ வருசம் ஆச்சு. ரம்பம் போயிருக்கே. போன மாசம் பாலத்துக்கிட்ட அந்தப் பொண்ணு காருக்குள்ள கிடந்தாளே, எதை வச்சு வெட்டி எடுத்தோம்? அடுத்த தடவை உன் பல்லால வெட்டுவியா?"

"என் பல்லுல பாதி பொய்ப் பல்லு."

"நான் வெளையாடல, மெர்வ்."

"நானும் வெளையாடல. காலைல காப்பீட்டு ஆளு வந்துட்டுப் போனாரு. பூட்டில்லாத கட்டடத்துக்குக் காப்பீடு கிடையாதாம். காப்பீடு இல்லாம வண்டி ரோட்டுல இறங்கக் கூடாதாம். பூட்டு இருக்கேன்னு காட்டினேன். 'அது சுவத்துல இருக்கு சார்'ங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. லொரெட்டாவைப் பார்த்தேன். அவள் முட்டையில் தோய்க்காமலே மீனை மாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குளிர்பெட்டியைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள். மேடைக்கு வந்தாள். மறுபடியும் குளிர்பெட்டிக்குப் போனாள்.

"செவ்வாக்கிழமை கூட்டத்துல ஓட்டு," என்று சொல்லிவிட்டு மெர்வ் பொரித்த மீன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனார். எல்வுட் எதையும் எடுக்கவில்லை.

அன்று முழுவதும் லொரெட்டாவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. எண்ணெய்ச் சட்டிக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். இரண்டு முறை என் மேல் இடித்தாள். கூட்டம் கலைந்த பிறகு, வழக்கம்போல ஒரு டப்பாவில் இரண்டு துண்டு மீன், வெண்ணெயில் வதக்கிய கோஸும் நூடுல்ஸும், பீட்ரூட் சாற்றில் ஊறிச் சிவந்த முட்டை ஒன்று, எல்லாம் அடுக்கினாள். குளிர்பெட்டியில் பால் குடுவைக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அது மெர்வுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அது கோரிக்கு, நெட்டி," என்றாள், நான் கேட்காமலே.

கோரி அவளுடைய ஒரே மகன். பதினாறு வயதிலேயே இந்த நிலையத்தில் சேர்ந்தவன். குழாய் சுமந்து கோபுரம் ஏறுவதில் அவனுக்கு இணையில்லை. பிறகு குவாரியில் முதுகு அடிபட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. மாத்திரை தீர்ந்ததும் அதைவிடக் கெட்டது வந்தது. செத்துப்போன அப்பாவின் கைக்கடிகாரம் போயிற்று, லொரெட்டாவின் கல்யாண மோதிரம் போயிற்று. ஒருநாள் தேவாலய உண்டியலில் கை வைத்தான். அன்றைக்கு அவள் வீட்டுப் பூட்டை மாற்றினாள். அதற்குப் பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"இங்க வர்றானா?"

"வெள்ளிக்கிழமை மட்டும். யாரும் இல்லாதப்போ. நான் பாத்ததில்ல."

"அப்புறம் அவன்தான்னு எப்படிச் சொல்ற? எவனாவது லாரிக்காரனா இருக்கும்."

"முட்டை," என்றாள். "சின்ன வயசுலேருந்து மஞ்சக்கருவைத் திங்கமாட்டான். அவன் தட்டுல விடுறதை நான்தான் எடுத்துத் தின்பேன். இப்பவும் டப்பாவைக் கழுவிக் கவுத்து வச்சிட்டு, மஞ்சக்கருவை மட்டும் தாள்ல சுத்தி மேல வச்சிட்டுப் போறான். சனிக்கிழமை காலைல வந்து எடுத்துத் திங்கிறேன்." அவள் கையைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்த கையை. "அவன் உசுரோட இருக்கான்னு எனக்குச் சொல்றது அது ஒண்ணுதான், நெட்டி. பூட்டிட்டாங்கன்னா அதுவும் போச்சு."

ரம்பத்தை எடுத்தது யார் என்று அவள் யோசிக்காமல் இருந்திருப்பாளா? அதை நான் கேட்கவில்லை. மறுநாள் காலை டப்பா கழுவிக் கவிழ்த்து இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு ஊரின் தீயணைப்பவர்கள் எல்லோரும் வந்தார்கள். பெண்கள் பிரிவுக்கு ஓட்டு கிடையாது, காப்பி ஊற்றலாம். எல்வுட் பேசினார். நியாயமாகத்தான் பேசினார். நூறு வருடத்துக்கு முன்பு பூட்டு இருந்ததால் இரண்டு பேர் செத்தார்கள், இனி பூட்டு இல்லாததால் யாராவது சாகக்கூடும் என்றார். பேசி முடித்ததும் நாற்காலிகள் அசைந்தன. சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த, போன வருடம் வேலை இழந்த ஒருவரை இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். அவரும் கவனித்தார். குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார், அது கட்டித்தான் இருந்தது.

லொரெட்டா காப்பிக் குடுவையை மேசையில் வைத்தாள்.

"சீஃப், நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு," என்றார் மெர்வ்.

"வேற யாரையும் அப்படிப் பாக்காதீங்க. எடுத்தது என் பையனாத்தான் இருக்கும்."

கடைசி வரிசைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீ பாத்தியா?" என்றார் மெர்வ் மெதுவாக.

"பாக்கல. பெத்தவளுக்குப் பாக்கணுமா?" அவள் நின்ற இடத்திலேயே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். "வெள்ளிக்கிழமை நான் வைக்கிறதை வந்து சாப்பிட்டுட்டுப் போறான். என் வீட்டுக் கதவை நான் பூட்டிட்டேன். அவனுக்குத் தெறந்திருக்கிறது இந்தக் கதவு மட்டும்தான். ரம்பம் எடுத்தது தப்புதான். நீங்க பூட்டுறதும் சரிதான். பூட்டுங்க. ஆனா எதைப் பூட்டுறோம்னு தெரிஞ்சு பூட்டுங்க. அவ்வளவுதான்."

எல்வுட் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் வீட்டுப் பூட்டு என் கடையில வாங்கினது," என்றார். "திருகாணியை நான்தான் முடுக்கினேன்."

"ஆமா."

"நீ அப்போ பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டிருந்த. நான் ஒண்ணும் சொல்லல." கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆனா லொரெட்டா, ரம்பம் இல்லாம கார்ல மாட்டிச் சாகப்போறவனுக்கும் ஒரு அம்மா இருப்பா."

"தெரியும் எல்வுட். அதனாலதான் பூட்டுங்கன்னேன்."

ஓட்டு எடுத்தார்கள். கைகள் ஒவ்வொன்றாக, யாரும் யாரையும் பார்க்காமல் உயர்ந்தன. எல்வுட்டின் கையும் உயர்ந்தது. மெர்வின் கை கடைசியாக. வண்டி ரோட்டில் இறங்காவிட்டால் நிலையமே இல்லை. வேறு வழி இருக்கவில்லை. லொரெட்டா எல்லோருக்கும் இன்னொரு முறை காப்பி ஊற்றினாள். பாதி தட்டில் சிந்தியது.

சனிக்கிழமை காலை தூறல். எல்வுட் பொத்தான் வைத்த எண் பூட்டு ஒன்றையும் துளைக்கருவியையும் கொண்டுவந்தார். இந்த முறை சாவி யாருடைய பையிலும் போய்விடக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஒரு சிறு கூட்டம் நின்றது. காப்பீட்டு ஆளும் மழைச் சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். லொரெட்டா வரவில்லை. கீழே சமையலறையில் தேவைக்கு மேல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கோணலா போகுது எல்வுட்," என்றார் ஒருவர்.

"கதவு கோணல். உங்க தாத்தா வச்ச கதவு."

"என்ன நம்பர் வைக்கிறது?" என்றார் எல்வுட், வேலை முடிந்ததும்.

"எல்லாருக்கும் ஞாபகம் இருக்கணும்," என்றார் மெர்வ். "சைரன் அடிச்சா பாதிப் பேரு ஒரு கால்ல பேன்ட்டோட ஓடி வர்றோம். அப்போ எவனும் யோசிச்சுக்கிட்டு நிக்க முடியாது."

"உன் பொண்டாட்டி பொறந்தநாளை வையேன், எல்வுட்."

"அது எனக்கே ஞாபகம் இருக்கிறதில்ல. அதுக்காக வருசா வருசம் வாங்கிக் கட்டிக்கிறேன்."

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு?"

"அது கூடாது சார்," என்றார் காப்பீட்டு ஆள் அவசரமாக. "எண்ணை வெளியாள் யாருக்கும் சொல்லக் கூடாது."

எல்வுட் துளைக்கருவியைத் துடைத்துக்கொண்டே இரண்டடி பின்னால் வந்தார். வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல நின்றார். தலையை நிமிர்த்தினார். தூறல் அவருடைய கண்ணாடியில் விழுந்தது. நீண்ட நேரம் அப்படியே நின்றார்.

"நாலு இலக்கம் போதுமா?" என்று கேட்டார்.

"போதும்," என்றார் காப்பீட்டு ஆள்.

"சரி. இந்த நம்பரை நாங்க யாரும் யாருக்கும் சொல்லமாட்டோம்."

எல்வுட் எங்கள் சபையின் மூப்பர். அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதில்லை. அன்றும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சில ஞாயிறுகளில் அதைப் பற்றி எனக்கு ஐயம் வருவதுண்டு. அவர் குனிந்து பொத்தான்களை அழுத்தினார். பூட்டு திறந்தது, மூடியது, திறந்தது. காப்பீட்டு ஆள் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். மழைச் சட்டைத் தொப்பிக்குள்ளிருந்து அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவருடைய கார் திரும்பியதும் கூட்டம் மொத்தமும் கதவுக்கு மேலே இருந்த கல்லைப் பார்த்தது. மெர்வுக்கு இருமல் வந்தது, நிற்கவே இல்லை.

"எல்வுட், நூறு வருசமா அந்த நம்பர் ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்குதே," என்றார் இருமலுக்கு நடுவில்.

"மறக்காதுல்ல?"

"மறக்காது."

"புது ரம்பம் வந்ததும் அதை உன் பிக்கப் வண்டியில வச்சுப் பூட்டிக்க. இங்க வேணாம்," என்று சொல்லிவிட்டு எல்வுட் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு தூறலில் நடந்தார்.

நான் கீழே ஓடிப்போய் லொரெட்டாவை அழைத்துக்கொண்டு வந்தேன். உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய கையோடு வந்து நின்றாள். பூட்டைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அவள் முகம் மலரும் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாமலா? பதினாறு வயசுலேருந்து இந்தக் கதவு வழியாப் போய் வந்தவன்."

"நிமிர்ந்து பாக்கணுமே, நெட்டி. அவன் இப்பல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கிறானாம். குவாரிப் பக்கம் பாத்தவங்க சொன்னாங்க."

அடுத்த வெள்ளி டப்பாவை வைத்தாள். சனிக்கிழமை அது பால் குடுவைக்குப் பின்னால் அப்படியே இருந்தது. மீனைப் பூனைகளுக்குப் போட்டாள். அதற்கடுத்த வெள்ளியும் வைத்தாள். அதுவும் அப்படியே இருந்தது.

அந்த நாட்களில் அவளோடு இருப்பது கடினம். உட்காரமாட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போவாள். குவாரி ரோட்டில் காலையிலும் மாலையிலும் நடந்தாள். பார்ப்பவர்கள் காரை நிறுத்திக் கேட்டால், மருத்துவர் நடக்கச் சொன்னார் என்பாள். கத்தி வழுக்கி விரலை வெட்டிக்கொண்டாள். சைரன் அடித்தால் முன்பெல்லாம் தலை குனிந்து ஒரு ஜெபம் சொல்வாள். இப்போது வாசலுக்கு ஓடினாள். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதற்கு. குவாரிப் பக்கம் திரும்பாவிட்டால்தான் மூச்சு விடுவாள். நானும் ஜெபித்தேன். ஆனால் என் ஜெபமும் அவளைப்போலவே ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது.

குருத்தோலை ஞாயிறன்று எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள், கையில் ஓலையோடு. போதகர் பார்த்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார். அவளுக்குப் பின்வரிசையில் எல்வுட் இருந்தார்.

மறுநாள் கடையைத் திறப்பதற்கு முன்பே எல்வுட் ஏணியோடு நிலையத்துக்கு வந்துவிட்டார். பேருந்தை எடுக்கப் போன மெர்வ் நிறுத்தி வேடிக்கை பார்த்தார். நான் தபால் நிலையத்துக்குப் போகிற வழியில் நின்றேன்.

"என்ன பண்ற?" என்றார் மெர்வ்.

"விளக்கு. இருட்டுல பொத்தான் தெரியல."

எல்வுட் ஒரு விளக்கைப் பொருத்தி, அதன் கழுத்தை மேல்நோக்கி வளைத்துத் திருகாணியை முடுக்கினார். விளக்கு எரிந்தது. பொத்தான்கள் நிழலில் கிடந்தன. கல் பளிச்சென்று தெரிந்தது, சாய்ந்த ஒன்று உட்பட.

"பொத்தானுக்கு வெளிச்சம் போட்டியா, கல்லுக்குப் போட்டியா?"

"போட்டாச்சு. ஏணியைப் பிடி."

"குவாரி ரோட்டுலேருந்தே தெரியும்போலிருக்கே."

"தெரிஞ்சா தெரியட்டும். ஏணியைப் பிடின்னேன்."

மெர்வ் ஏணியைப் பிடித்தார். பள்ளிப் பிள்ளைகள் அன்று தாமதமாகத்தான் போனார்கள்.

பெரிய வெள்ளியன்றுதான் கூட்டம் அதிகம். எங்கள் வரிசை தெருமுனை வரை நின்றது. லொரெட்டா அன்று தவறே செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் டப்பாவை அடுக்கினாள். இந்த முறை முட்டை இரண்டு வைத்தாள். பிறகு ஒன்றை எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நீயும் வா. என்னால அந்தப் பொத்தானை அழுத்த முடியல."

போனோம். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் அழுத்தினேன். படியிறங்கும்போதே காப்பி வாசம் வந்தது.

சமையலறையில் காப்பிப் பானை நிறைந்திருந்தது. தொட்டியருகே டப்பா கழுவிக் கவிழ்த்து இருந்தது. அதன் மேல் மடித்த தாள். லொரெட்டா தாளைத் தொடவில்லை. பானையைத் தொட்டாள்.

"சூடா இருக்கு," என்றாள்.

அடுத்த நொடி படிகளில் ஓடினாள். நான் பின்னால் போவதற்குள் அவள் தெருவின் நடுவே நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் லாரி ஒன்று அவளைச் சுற்றிக்கொண்டு போனது. வேறு யாரும் இல்லை. ஓடையின் சத்தம் மட்டும் இருந்தது.

திரும்பி வந்தாள். கீழே இறங்கி, சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சமையலறையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. தாளைப் பிரித்தாள். ஓரம் சிவந்த மஞ்சள்கரு. சிறு சிறு துண்டாகப் பிட்டு, அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள். நற்கருணை வாங்குபவர்கள்கூட அவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. நான் இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றினேன்.

"தண்ணியாப் போட்டிருக்கான்," என்றாள் ஒரு வாய் குடித்துவிட்டு. "எப்பவும் இப்படித்தான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

பானை காலியாகும் வரை குடித்தோம். பிறகு அடுத்து வருபவருக்கு ஒரு பானை போட்டாள். கெட்டியாக.

பித்தளை முனை திரும்பி வரவில்லை. ரம்பமும் வரவில்லை. புகைப்படத்துக்குக் கீழே கொக்கி காலியாகவே இருக்கிறது. அதில் வேறு எதையும் மாட்ட எல்வுட் விடுவதில்லை.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை லொரெட்டா அவருடைய கடைக்குப் போனாள். அன்று மாலையே அவர் கருவிப் பெட்டியோடு அவளுடைய வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார். பின்கதவைத் திறந்தால் ஒரு சிறிய அறை. ஒரு பழைய சோபா, ஒரு கணப்பு, ஒரு மேசை. அந்த அறையிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவில், அவர் முன்பு பொருத்திய பூட்டு அப்படியேதான் இருந்தது.

"அதை எடுக்க வேணாம் எல்வுட். இன்னும் அவ்வளவு தைரியம் வரல. இது ஒண்ணு போதும்."

"இது போதும்," என்றார் அவர்.

பின்கதவில் எண் பூட்டு ஒன்றைப் பொருத்திவிட்டு, அவள் ஏந்தி நின்ற கிண்ணத்திலிருந்து கடைசித் திருகாணியை எடுத்து முடுக்கினார்.

"நம்பர் என்ன?"

லொரெட்டா பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கதவுக்கு மேலே கல் எதுவும் இல்லை. போன வருடத்துக் குருவிக் கூடு ஒன்றுதான் இருந்தது.

"அதே நம்பர்தான்," என்றாள். "அவனுக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

எல்வுட் அழுத்தினார். பிறகு பெட்டிக்குள் துழாவி ஒரு விளக்கை வெளியே எடுத்தார். விளக்கு வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கவில்லை.